ரிப்பன் வெட்டாத மோர்

எங்கள் லேஅவுட்டில் எல்லாமே இலவசமாகத்தான் நடக்கும். இலவசக் கண் பரிசோதனை, இலவச யோகா, இலவச இன்பச் சுற்றுலா, மழைக்கு ஒரு விழிப்புணர்வு முகாம், வெயிலுக்கு ஒரு விழிப்புணர்வு முகாம். இலவசம் என்று போட்டுவிட்டால் வந்தவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள் என்பது குடியிருப்போர் சங்கத் தலைவருக்கு நன்றாகத் தெரியும். உட்கார நாற்காலி இல்லாவிட்டாலும், அரைநாள் காக்க வைத்தாலும், ஓசிக்கு வந்துவிட்டுக் குறை வேறா என்று பக்கத்து வீட்டுக்காரரே நம்மை அடக்கிவிடுவார். சங்கத்துக்கு வேலை மிச்சம்.

தலைவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவு மேலாளர். ஹெல்மெட் போடு, மஞ்சள் கோட்டுக்குள் நட, மெஷினுக்குள் கையை விடாதே என்று வாரம் முழுக்கச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர். ஞாயிற்றுக்கிழமை சொல்வதற்கு ஆள் கிடைக்காமல் அவருக்கு வாய் அரிக்கும். அந்த அரிப்புக்கு நாங்கள் கிடைத்தோம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் ஒருவகையில் மதித்திருப்பேன். இவர் நல்லது செய்வதாக நம்பிக்கொண்டு, அந்த நம்பிக்கையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுக்கொண்டு திரிகிறவர்.

ஒருமுறை இலவசச் சுற்றுலா என்று இரண்டு வேன்களில் எங்களைக் கிருஷ்ணகிரி அணைக்குக் கூட்டிப்போனார்கள். சூளகிரி தாண்டியதும் டீ வேண்டும் என்று யாரோ சொல்ல, குருபரப்பள்ளியில் நிறுத்தினார்கள். ரோட்டோரக் கடைகளைப் பார்த்ததும் பாதிப்பேர் மாம்பழமும் பிளாஸ்டிக் குடமும் வாங்க இறங்கிவிட்டார்கள். அவர்களைப் பொறுக்கி ஏற்றி அணைக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். முதலில் பேனர் கட்டினார்கள். பேனர் முன்னால் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். பிறகு தலைவர் கை ஒலிபெருக்கியை எடுத்து, நீர்நிலைகளில் பாதுகாப்பு என்ற தலைப்பில் வெகுநேரம் பேசினார். பேசி முடித்து, பாதுகாப்பு கருதி யாரும் தண்ணீர்ப் பக்கம் போக வேண்டாம் என்றார். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்தே அணையைப் பார்த்துவிட்டு, புளிசாதம் தின்றுவிட்டுத் திரும்பினோம். ஒருவர்கூடக் கால் நனைக்கவில்லை. விபத்தில்லாச் சுற்றுலா என்று குரூப்பில் அன்றைக்கு ஒரே கைதட்டல்.

மழைக்காலத்தில் டெங்கு விழிப்புணர்வுப் பேரணி நடந்தது. தண்ணீர் தேங்க விடாதீர் என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு, தேங்கிய தண்ணீரைத் தாண்டித் தாண்டி நடந்தோம். அதை வெட்டிவிட ஒருவரும் மண்வெட்டி எடுக்கவில்லை. நிலவேம்புக் கஷாயம் கொடுத்தார்கள், குடித்தோம். இதையெல்லாம் நான் வீட்டில் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், அவர்கள் அப்பாவைத் தேடி வரும்வரை.

இந்த லேஅவுட் இருக்கும் இடம் முன்பு அப்பாவின் கேழ்வரகுக் கொல்லை. அவரே மனசு ஒப்பித்தான் விற்றார், அதில் எங்களுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. மூலையில் ஒரு வீடு, ஒரு போர்வெல், இரண்டு மாடுகள், வீட்டை ஒட்டி ஒரு துண்டு நிலம் என்று எங்களுக்கு மிச்சம் இருந்தது. நானும் கணவரும் அப்பாவுடன்தான் இருக்கிறோம். அந்தத் துண்டு நிலத்தின் மேல் சங்கத்துக்கு வெகுநாளாக ஒரு கண். அங்கே சங்கத்துக்கு ஒரு கட்டடம் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று வருகிறபோதெல்லாம் சொல்லிவிட்டுப் போவார்கள். அதையும் இலவசமாகத்தான் எதிர்பார்த்தார்கள்.

எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. இந்த எல்லைப் பக்கத்தில் அது ஒரு விஷயமே இல்லை. அப்பா என்னோடும் மாடுகளோடும் தெலுங்கு பேசுவார், அத்திப்பள்ளியிலிருந்து வரும் வியாபாரியோடு கன்னடம், தாலுகா ஆபீசில் தமிழ். மூன்றிலும் சண்டை போடத் தெரியும். ஆனால் உடம்புக்கு முடியாமல் போனால் தமிழும் கன்னடமும் கழன்றுகொள்ளும், தெலுங்கு மட்டும்தான் வரும். சங்கத்தார் தேடி வந்ததற்கு முந்தின கோடையில் மாட்டுக்குத் தீவனம் அறுக்கப் போனவர் வெயிலில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் எல்லாவற்றையும் தெலுங்கில்தான் கேட்டார். அந்தப் பெண்ணுக்குச் சொந்த ஊர் கல்லாவி, தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது. இருந்தாலும் அவர் கையையும் கண்ணையும் பார்த்துப் பார்த்து எல்லாம் செய்தாள்.

அந்த முறை டாக்டர் ஒன்றைத் திட்டவட்டமாகச் சொல்லி அனுப்பினார். சிறுநீரகம் ஏற்கெனவே பாதி கெட்டிருக்கிறது, இன்னொரு முறை உடம்பில் தண்ணீர் வற்றினால் மிச்சமும் போய்விடும், பிறகு டயாலிசிஸ்தான். அதனால் வெயிலில் இருக்கக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அன்றிலிருந்து அப்பா எங்கே போனாலும் பழைய ஜூஸ் பாட்டில் ஒன்றில் தண்ணீர் நிரப்பிக் கையில் கொடுத்தனுப்புவேன்.

அப்படி ஒரு வருஷம் ஓட்டியிருப்போம், அடுத்த வெயில் வந்தது. கூடவே சங்கமும் வந்தது. கோடைப் பாதுகாப்பு விழா, இலவச நீர்மோர்ப் பந்தல் திறப்பு என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். அதில் சிறப்பு அழைப்பாளர் என்று அப்பாவின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. தலைவர் நோட்டீஸை இரண்டு கையாலும் நீட்டி, “நீங்கதான் இந்த மண்ணுக்கே மூத்தவங்க. நீங்க வரலைன்னா விழாவே இல்ல” என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். சொல்லிவிட்டு என்னிடம் திரும்பி, மோர் எங்கள் வீட்டு மோராக இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். தண்ணீரும் எங்கள் போர்வெல்லிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமா என்றார். மோர் எங்களுடையது, தண்ணீர் எங்களுடையது, பேனரில் பெயர் சங்கத்தினுடையது. பானை மட்டும் அவர்கள் கொண்டுவருவதாகச் சொன்னார்கள்.

போக வேண்டாம் என்று அப்பாவிடம் எவ்வளவோ சொன்னேன்.

“பேரு போட்டுட்டாங்களே பாப்பா. பேரு இருந்து ஆளு இல்லன்னா நல்லாவா இருக்கும்” என்று தெலுங்கில் கேட்டார். நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இஸ்திரி போட்ட வேட்டி கேட்டார். அந்த ஆசையைப் பார்த்தபிறகு எனக்குத் தடுக்க மனசு வரவில்லை. நிழலில்தான் உட்காரணும், பாட்டில் கையிலேயே இருக்கணும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கூட்டிப்போனேன்.

மைதானத்து வாசலிலேயே பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்கள். பிளாஸ்டிக் இல்லா விழாவாம். மஞ்சள் நிற ரிப்ளெக்டர் கோட்டு போட்ட ஒருவர், வந்தவர்கள் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலையெல்லாம் வாங்கி ஒரு மேஜைக்கு அடியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“அப்பாவுக்கு ஒடம்பு செரியில்லைங்க, தண்ணி கையிலயே இருக்கோணும்” என்றேன்.

“உள்ள போனா மோரே ஃப்ரீயா குடுக்கறோம் மேடம், அப்புறம் பாட்டில் என்னாத்துக்கு” என்றார் அவர்.

எங்கள் வீட்டு மோரை எனக்கே இலவசம் என்று சொன்ன மனிதரோடு மல்லுக்கு நிற்க வேண்டியவள்தான் நான். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது, மோர்தான் இருக்கிறதே என்று நானும் விட்டேன்.

ஷாமியானா மேடைக்கு மேல் நன்றாகப் போட்டிருந்தார்கள். கூட்டத்துக்கு மேல் பேருக்கு ஒரு துண்டு. அப்பாவை முன்வரிசையில் உட்கார வைத்தபோது அங்கே நிழல் இருந்தது. மோர்ப் பந்தல் மைதானத்தின் மறுகோடியில் இருந்தது. பானைகளுக்கு ஈரத்துணி சுற்றி, மாலை போட்டு, குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டி வைத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வந்து வெட்டித் திறக்கும்வரை ஒருவருக்கும் கிடையாது என்று செயலாளர் ரிப்பனுக்குக் காவலாக நின்றார். மோரில் உப்பும் பெருங்காயமும் பார்க்க நானும் அங்கேயே நிற்க வேண்டியதாயிற்று.

விருந்தினர் வேறொரு தொழிற்சாலையில் பெரிய அதிகாரி. சிப்காட் சிக்னலில் மாட்டிக்கொண்டார் என்றார்கள், வந்துகொண்டே இருக்கிறார் என்றார்கள், பிறகு கிளம்பிவிட்டார் என்றார்கள். அதுவரை தலைவர் மைக்கைப் பிடித்துக்கொண்டார். வெயிலில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று விளக்கினார். “ஹைட்ரேஷன் ரொம்ப முக்கியம். தாகம் எடுக்கதுக்கு முன்னாலயே தண்ணி குடிச்சிரணும். முக்கியமா வயசானவங்க, சின்னப் பிள்ளைக” என்றார். அதே நேரத்தில் சின்னப் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் பந்தலுக்கு வந்து, ஒரு வாய் மோர் கேட்டாள். பொறும்மா, இன்னும் திறக்கல என்று செயலாளர் திருப்பி அனுப்பினார். மைக்கும் செயலாளரும் ஒரே சமயத்தில் பேசினார்கள், இரண்டு பேருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

வெயில் ஏற ஏற நிழல் நகர்ந்துவிட்டது. முன்வரிசை முழுக்க வெயிலில் இருந்தது. நான் இருந்த இடத்திலிருந்து அப்பாவின் வெள்ளைச் சட்டை மட்டும் தெரிந்தது. ஒரு கட்டத்தில் அவர் கையைத் தூக்கித் தலைவரைக் கூப்பிடுவது தெரிந்தது. தலைவர் பேச்சை நிறுத்தி, மேடையிலிருந்து இறங்கி வந்து குனிந்தார். சிறப்பு அழைப்பாளர் பேச விரும்புகிறார் என்று நினைத்து மைக்கை அவர் வாய்க்கு நேரே பிடித்தார். மைதானத்தின் நான்கு மூலை ஸ்பீக்கரிலும் அப்பாவின் குரல் கேட்டது.

“நீள்ளு.”

தெலுங்கில் அது தண்ணீர். எங்கள் பக்கத்தில் மாடு மேய்க்கிறவர்களுக்கும் தெரியும். தலைவர் இந்த ஊருக்கு வந்து வீடு கட்டி, கடன் அடைத்து, பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பியவர். பெங்களூரில் பேரம் பேசக் கன்னடம் கற்றுக்கொண்டார், ஆபீசுக்காக இந்தி கற்றுக்கொண்டார். பக்கத்து வீட்டில் தினமும் பேசும் மொழியில் தண்ணீருக்கு என்ன பெயர் என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. தேவைப்படவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

“நிள்ளு” என்றார் அப்பா மறுபடியும். நாக்கு வறண்டு போயிருந்ததால் நெடில் குறிலாகிவிட்டது.

தலைவர் மைக்கைத் தன் வாய்க்குக் கொண்டுபோனார். “ஐயா நில்லுன்னு சொல்லுதாவ. எல்லாரும் எந்திச்சு நில்லுங்க. இந்த மண்ணுக்கே மூத்தவங்க அவுக. அவுக சொல்லை நாம மதிக்கணும்” என்றார்.

மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. விருந்தினர் வந்துவிட்டார் என்று நினைத்து வாசலைத் திரும்பிப் பார்த்தவர்கள் உண்டு. யாருக்கோ மௌன அஞ்சலி என்று தலையைக் குனிந்துகொண்டவர்களும் உண்டு. தெலுங்கு தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இல்லாமல் இல்லை. பிறகொரு நாள் ஒருத்தி என்னிடம், “எனக்கு வெளங்குச்சுக்கா, தண்ணிதான் கேட்டாரு. எல்லாரும் எந்திரிச்சாங்களா, நானும் எந்திரிச்சுட்டேன்” என்று சொன்னாள். இன்றைக்கும் அவளைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எழுந்து நின்றவர்களின் முதுகுகளுக்குப் பின்னால் அப்பா மறைந்துவிட்டார். நான் சொம்பைப் பானைக்குள் விட்டேன். “மேடம், இன்னும் கட் பண்ணல” என்று செயலாளர் குறுக்கே வந்தார். ரிப்பனைப் பிடித்து இழுத்தேன், ஒரு பக்கத்துக் கம்பு சாய்ந்தது, ரிப்பன் நடுவில் அறுந்தது. சொம்போடு ஓடினேன். வழி விடச் சொல்லிக் கத்தினால் மெதுவாகப் பேசச் சொல்லி உதட்டில் விரல் வைத்தார்கள். மரியாதை செய்கிற ஜனங்கள் இல்லையா, அசையவே மாட்டேன் என்றார்கள். இடித்துத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அப்பா நாற்காலியிலிருந்து ஒரு பக்கமாகச் சரிந்திருந்தார். உடம்பில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. அடுப்பு மாதிரி கொதித்தது. ஊற்றிய மோர் கடைவாய் வழியாக வழிந்து இஸ்திரி போட்ட வேட்டியை நனைத்தது.

கணவர் காரைக் கொண்டுவர, அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்பா கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்தபோது என் போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. கோடைப் பாதுகாப்பு விழா இனிதே நிறைவு என்று போட்டோக்கள் வந்தபடி இருந்தன. நான் அறுத்த ரிப்பனை முடிச்சுப் போட்டு மறுபடி கட்டியிருந்தார்கள். விருந்தினர் அந்த முடிச்சுக்குப் பக்கத்தில் கத்தரிக்கோலை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த போட்டோவில் எங்கள் மோரைக் குடித்துக்கொண்டிருந்தார். கீழே வரிசையாகக் கைதட்டல்கள். அப்பாவைப் பற்றி ஒரு வரி கிடையாது. போனைச் சுவரில் அடித்திருப்பேன், டாக்டர் எந்த நேரமும் கூப்பிடுவார் என்று வைத்துக்கொண்டேன்.

டாக்டர் கூப்பிட்டார். அவர் முன்பே சொன்னதுதான் நடந்திருந்தது. இனி வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். அதோடு இன்னொன்றும் சொன்னார். போன வருஷம் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கச் சொன்ன அதே வாயால், இனிமேல் அளவாகத்தான் குடிக்க வேண்டும் என்றார். உடம்பிலிருந்து தண்ணீர் வெளியே போக வழியில்லை, அதிகம் குடித்தால் நுரையீரலில் சேர்ந்துவிடும். காலையில் ஒரு பாட்டிலில் அளந்து வைக்கிறேன். அதுதான் அன்றைய நாள் முழுமைக்கும். அப்பா அதை மடக்கு மடக்காகப் பிரித்துக் குடிப்பார். சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். பிறகு போர்வெல் ஓடும் சத்தத்தைக் கேட்டபடி கட்டிலில் படுத்திருப்பார்.

கொஞ்ச நாள் கழித்துத் தலைவர் வந்தார். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், விழாவன்று போடாமல் விட்டுப்போன பொன்னாடை, ரிப்பன் வெட்டும் போட்டோ கண்ணாடிச் சட்டம் போட்டது. சாயங்கால நேரம். அப்பாவின் பாட்டில் காலியாகியிருந்தது. கட்டிலில் இருந்த அப்பாவின் தோளில் பொன்னாடையைப் போர்த்திவிட்டுத் தலைவர் என்னைப் பார்த்தார்.

“ஃபேக்டரில இத நியர் மிஸ்னு சொல்லுவோம்மா. ஏதோ நடக்க இருந்துச்சு, நல்லவேளையா நடக்காம போச்சு. அதுல இருந்து நாம பாடம் கத்துக்கிடணும்” என்றார்.

நடக்காமல் போய்விட்டதாம். வாரத்துக்கு இரண்டு முறை ஊசி குத்தி வீங்கிப்போன அப்பாவின் கை அந்தப் பொன்னாடைக்குக் கீழேதான் இருந்தது.

வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தண்ணீர் கொடுப்பது எங்கள் வழக்கம், சண்டைக்காரன் வந்தாலும் அப்படித்தான். அன்றைக்கு நான் கொடுக்கவில்லை. மறந்தும் போகவில்லை. தலைவர் நாற்காலியை இழுத்து உட்காரப் போனார். வந்தவர் கையில் டம்ளர் இல்லாததை அப்பா பார்த்துவிட்டார். என் பக்கம் திரும்பினார்.

“நீள்ளு” என்றார்.

தலைவர் உட்காரப் போனவர் அப்படியே நிமிர்ந்தார். நான் நகரவில்லை. அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கட்டிலைத் தட்டி மறுபடியும், “நீள்ளு” என்றார். தலைவர் கைகளைக் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றார்.

“ஐயா இன்னும் கோவமாத்தான் இருக்காவ போல. பரவால்லம்மா, நிக்கேன்” என்றார்.

அவரை அப்படியே இருட்டும்வரை நிற்க வைத்திருப்பேன். அப்பாவின் முகத்தைப் பார்த்துத்தான் உள்ளே போனேன். பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன்.

“தண்ணியா? நான் கேக்கவே இல்லையேம்மா” என்றார் தலைவர்.

“அப்பா கேட்டாருங்க” என்றேன். “அன்னிக்கும் இதத்தாங்க கேட்டாரு.”

டம்ளரை வாங்கியவர் அதைக் குடிக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் நின்றார். அப்பா கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டி, குடிக்கச் சொன்னார். அவர் நின்றபடியே குடித்தார். ஒவ்வொரு மடக்குக்கும் அவர் தொண்டை ஏறி இறங்குவதை, கடைசிச் சொட்டு வரைக்கும், அப்பா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.